கொடையும் உரிமையும்: லூயிஸ் தீவு கற்பிக்கும் பாடம்

ஈகையைப் பாடாத தமிழ்ப் புலவர் அரியர். முல்லைக்குத் தேரீந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் நாம் சிறு வகுப்பு முதலே அறிவோம். கேளாதிருக்கவும் கொடுத்தனர் என்பதே அவ்வள்ளல்களுக்குப் பெருமையாயிற்று. முல்லையும் மயிலும் தாம் பெற்றதைக் குறித்துக் கருத்துக் கூறவல்லன அல்ல. கொடை பெறுவோர் மக்களாயின், அவர்தம் கருத்தைக் கேட்டல் வேண்டுமோ, வேண்டாவோ? கேட்டவிடத்து, ‘எமக்கு இது வேண்டா’ என்று அவர் விடை கூறின், அது நன்றியின்மையாகுமோ?

இவ்வினா வெறுங் கற்பனையன்று. 1923-ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலிலுள்ள லூயிஸ் என்னும் தீவில், பெருஞ் செல்வர் ஒருவர் தம் நிலம் முழுவதையும் அங்கு வாழும் மக்களுக்கே விலையின்றித் தந்துவிட முன்வந்தார். ஒரு சாரார் ஏற்றனர், மற்றையோர் மறுத்தனர். ஏறத்தாழ 80 ஆண்டுகள் சென்றபின், அத்தீவின் மக்கள் அன்று மறுத்த நிலத்தின் பல பகுதிகளை, விலை கொடுத்தும் வழக்காடியும், ஊர்ப் பொதுவுடைமையாக்கிக் கொண்டனர். இலவசமாய் வந்தபோது வேண்டாதிருந்தது, விலைக்கு வந்தபோது வேண்டியதாயிற்று. இஃது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவும் குடிகளும்

லூயிஸ், ஹாரிஸ் என இரு பெயர் வழங்கினும், அவை ஒரே தீவின் வடபாகமும் தென்பாகமுமாம். வடபாகமாகிய லூயிஸ் பெரும்பாலும் சதுப்பு நிலம். காற்று மிகுதி, மரம் அரிது. சதுப்பு மண்ணையே கட்டிகளாக வெட்டி உலர்த்தி அடுப்பெரிப்பர். மக்களின் பழைய மொழி கேலிக். கடற்கரையை அடுத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு துண்டு நிலம் உண்டு. அதன் பின்னே ஊரார் அனைவர்க்கும் பொதுவான மேய்ச்சல் நிலம் பரந்து கிடக்கும். அச்சிறு துண்டுக்குக் ‘கிராஃப்டு’ என்றும், அதனைப் பயிரிடும் குடிக்குக் ‘கிராஃப்டர்’ என்றும் பெயர். அந்நிலம் ஒன்றைக்கொண்டே ஒரு குடும்பம் பிழைத்தல் அரிதாதலின், மீன்பிடித்தலும் நெசவும் அவர்க்குத் துணைத் தொழில்களாயின.

நிலத்தின் உடைமையோ பிரபுக்களிடமும் தனவந்தரிடமும் இருந்தது. 1844-இல் இத்தீவை விலைக்கு வாங்கிய ஜேம்ஸ் மாத்திசன் என்பவர், இந்திய நாட்டில் விளைந்த அபினியைச் சீனத்தில் விற்றுப் பெரும்பொருள் ஈட்டிய வணிகக் கூட்டத்தின் பங்காளி. நம் நாட்டு உழவன் விளைத்த அபினியின் ஊதியம், எங்கோ வடகடலிலுள்ள ஒரு தீவின் விலையாக மாறியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அக்காலத்தில் நிலத்தலைவர் விரும்பினால் குடிகளை வெளியேற்றலாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்காட்லாந்தின் மலைநாட்டில், ஆடு வளர்த்தல் மிக்க ஊதியந் தந்தமையால், பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்காகக் குடிகள் அகற்றப்பட்டனர். சதர்லாந்து மாவட்டத்தில் அவர்தம் வீட்டுக் கூரைகள் கொளுத்தப்பட்டதும் உண்டு. லூயிசிலிருந்தும் 1851 முதற்கொண்டு பல நூற்றுவர் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். இதன் விளைவாக எழுந்த கிளர்ச்சிகள் 1880-களில் முற்றின. அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை ஏற்படுத்தி, 1886-இல் ஒரு சட்டம் இயற்றியது. வாரம் ஒழுங்காகச் செலுத்தும் குடியை நிலத்திலிருந்து நீக்கலாகாது. வாரத்தின் அளவை நடுநிலை ஆணையமே வரையறுக்கும். குடியுரிமை மக்களுக்கு வழிவழிச் செல்லும். குடி நிலத்தை விட்டு நீங்குங்கால், அவன் கட்டிய வீட்டுக்கும் செய்த திருத்தத்துக்கும் ஈடு கிடைக்கும். நம் மொழியிலுள்ள மேல்வாரம், குடிவாரம் என்னும் சொற்களைக் கொண்டு கூறின், மேல்வாரம் பிரபுவிடமே நிற்க, குடிவாரம் சட்டத்தின் காவல் பெற்றது எனலாம். இச்சட்டத்தை நினைவில் வைத்தாலன்றிப் பின்வரும் கதை விளங்காது.

சோப்பு வணிகர்

1918-இல் லூயிஸ் வேறொருவர் கைக்கு மாறியது. அவரே வில்லியம் ஹெஸ்கத் லீவர் என்னும் லீவர்ஹூம் பிரபு. 1851-இல் பிறந்து, தந்தையின் மளிகைக் கடையில் தொழில் தொடங்கி, சன்லைட் சோப்பினால் உலகப் பெரு வணிகருள் ஒருவரானவர். அவர் தொடங்கிய கம்பெனியே 1929-இல் ஒரு டச்சுக் கம்பெனியுடன் இணைய உடன்பட்டு, யூனிலீவர் என்னும் பெயர் பெற்றது. அதன் சரக்குகளை அறியாத இல்லம் நம் நாட்டிலும் சிலவே.

இவர் கருமியல்லர். தம் தொழிலாளர்க்கென 1888-இல் போர்ட் சன்லைட் என்னும் ஊரையே எடுப்பித்து, தோட்டத்துடன் கூடிய நல்ல வீடுகளும், பள்ளியும், மருத்துவமனையும், கலைக்கூடமும் அமைத்தார். ஆயின் இலாபத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர் கையிற் கொடுத்து, அவர் விரும்பியவாறு செலவிட விடுவதினும், அவர்க்கு நன்மை இன்னதென்று தாமே தெரிந்து, அதனை அமைத்துக் கொடுப்பதே மேல் என்பது அவர் கொள்கை. அவருடைய செல்வத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1911-இல் பெல்ஜிய அரசாங்கத்திடம் உரிமை பெற்று, காங்கோ நாட்டில் பனையெண்ணெய் எடுக்கத் தொடங்கினார். அங்கும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் வாக்களிக்கப்பட்டன. எனினும் அந்நாட்டு மக்கள் கட்டாயத்தின்பேரில் மரமேறிக் குலை வெட்ட அனுப்பப்பட்டனர் என்பதை வரலாற்றாசிரியர் ஆவணங்கொண்டு நிறுவியுள்ளனர். கொடைஞர் ஒருவரின் வரலாற்றைப் படிப்போர், அவர் கொடுத்ததோடு, ஈட்டிய வழியையும் ஒருங்கே நோக்குதல் கடனாகும்.

லூயிசின் வறுமையைக் கண்ட இவர், தலைநகரான ஸ்டார்னோவேயைப் பெரிய மீன்பிடி நகரமாக்கத் திட்டமிட்டார். பனிக்கட்டி ஆலை, மீனை டப்பாவிலடைக்கும் ஆலை, கப்பல்கள், இருப்புப்பாதை ஆகிய எல்லாம் அத்திட்டத்தில் அடங்கும். சிறு துண்டு நிலத்தில் உழன்று வறுமையில் வாடுவதினும், ஆலையில் கூலி பெற்று வசதியாக வாழ்வதே மக்களுக்கு நலம் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

வாக்களிக்கப்பட்ட நிலம்

முதல் உலகப் போருக்கு லூயிசிலிருந்து சென்றோர் 6,000 பேருக்கு மேற்பட்டவர்; அவருள் ஏறத்தாழ ஆயிரவர் மாண்டனர். போர் முடிந்து, 1919 ஜனவரி முதல் நாள் விடியுமுன், மாலுமிகளை வீட்டுக்குக் கொணர்ந்த ‘அயோலேர்’ என்னும் கப்பல் ஸ்டார்னோவேத் துறைமுக வாயிலிலேயே பாறையில் மோதி உடைந்தது. 201 பேர் இறந்தனர். நான்காண்டுப் போரில் பிழைத்தவர், தம் ஊர் விளக்கொளி கண்ணுக்குத் தெரியும் தொலைவில் கடலில் மாண்டனர்.

மீண்டு வந்த இளைஞர் பலர்க்கு நிலம் இல்லை. 1886-ஆம் ஆண்டுச் சட்டம் நிலமுடைய குடியைக் காத்ததேயன்றி, நிலமற்றவர்க்கு நிலம் தரவில்லை. போரிலிருந்து திரும்புவோர்க்கு நிலம் கிடைக்கும் என்று அரசாங்கத்தார் நம்பிக்கை ஊட்டியிருந்தனர். ஆதலின் ஸ்டார்னோவேயை அடுத்த கோல், கிரெஸ் முதலிய பண்ணைகளில் அவர்கள் தாமே புகுந்து, அளந்து பிரித்து, குடிசை கட்டத் தொடங்கினர். அப்பண்ணைகளோ நகரத்துக்குப் பால் தரவேண்டியவை. அவற்றைப் பிரிக்க லீவர்ஹூம் உடன்படவில்லை.

இருபாலாரிடத்தும் நியாயம் இருந்தது என்பதை மறுத்தலாகாது. பிரபு தம் சொந்தப் பொருளைக் கொட்டி வேலை தர வந்தவர். நேரே பண்ணைக்குச் சென்று மக்களுடன் பேசவும் அவர் அஞ்சவில்லை. மக்களோ ஒன்றையே கேட்டனர்: ஆலையும் கூலியும் நல்லனவே, ஆயினும் தலைசாய்க்கத் தமக்கென ஒரு துண்டு நிலம் வேண்டும். வெளியேற்றப்பட்ட பாட்டனாரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்க்கு, எந்த முதலாளியின் நற்குணமும் நிலத்துக்கு ஈடாகத் தோன்றவில்லை. முதலாளி மனம் மாறலாம், மாண்டுபோகலாம், வாணிகம் நொடித்துப்போகலாம். அங்ஙனமே நிகழ்ந்தது. போருக்குப்பின் மீன் வாணிகம் சரிந்தது. பிரபுவின் சொந்த நிதிநிலையும் தளர்ந்தது. 1921-இல் லூயிஸ் வேலைகள் நின்றன. 1923-இல் அவர் தீவை விட்டு நீங்கத் துணிந்தார்.

கொடையும் மறுப்பும்

நீங்குங்கால் அவர் செய்தது பெருந்தன்மையான செயலே. விற்றுவிட்டுப் போகாமல், தீவு முழுவதையும் மக்களுக்கே கொடுக்க முன்வந்தார். ஸ்டார்னோவேப் பகுதி நகரத்தார்க்கு. ஏனைய பகுதி ஆங்காங்குள்ள குடிகளுக்கு. நகரத்தார் ஏற்றனர். மாத்திசன் கட்டிய கோட்டையும், 60,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமும் ஸ்டார்னோவே அறக்கட்டளையின் பொறுப்பில் வந்தன. அக்கட்டளை 100 ஆண்டு கடந்து இன்றும் நடைபெறுகிறது. அதன் பொறுப்பாளரை அங்கு வாழும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர்.

நாட்டுப்புறக் குடிகளுள் பெரும்பாலோர் மறுத்தனர். பெற்றது மண்ணுக்கு உடைமை. அதனோடு வருவன நிலவுடைமையாளன் செலுத்தவேண்டிய ஸ்தல வரிகளும் பிற பொறுப்புகளும். குடியாக இருக்கும்வரை அவனை எவரும் வெளியேற்ற இயலாது, வாரமோ குறைவு. உடைமையாளனானால் சட்டத்தின் காவல் குறைந்து, வரிச்சுமை ஏறும். கையில் ரொக்கமில்லாத குடிக்கு இது நன்மையன்று. ஆகவே அவர் மறுத்தது அறியாமையாலும் அன்று, செருக்காலும் அன்று, தம் நிலையைக் கணக்கிட்டுப் பார்த்தே மறுத்தனர்.

புறநானூற்றில் கழைதின் யானையார் என்னும் புலவர், வல்வில் ஓரியை நோக்கி, கொடுத்தலின் உயர்வுக்கும் மேலாக, கொடுத்ததை ஏலாமையின் உயர்வைப் பாடினார். அது மானத்தின் உயர்வு. லூயிஸ் குடிகளின் மறுப்பில் மானத்தோடு விவேகமும் இருந்தது. ஆயினும் அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. ஏலாத பகுதிகள் துண்டு துண்டாகத் தனியார்க்கு விற்கப்பட்டன. வேட்டைக்கும் மீன்பிடி விளையாட்டுக்கும் நிலம் தேடிய வெளியார் பலர் உடைமையாளராயினர். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ‘மெட்டகாமா’ என்னும் கப்பல், ஏறத்தாழ 300 இளைஞரை ஏற்றிக்கொண்டு ஸ்டார்னோவேயிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டது.

மறுத்த மண்ணை மீட்டது எங்ஙனம்

நிலைமை மாறுவதற்கு வழி முதலிற் பிறந்தது லூயிசில் அன்று. தாய்நிலத்தில், பழைய வெளியேற்றங்களின் களமாகிய சதர்லாந்தில். அங்கு அசின்ட் என்னும் பகுதியில், 21,000 ஏக்கர் நிலத்தை வாங்கியிருந்த வெளிநாட்டுக் கம்பெனி 1992-இல் நொடித்துப்போயிற்று. அந்நிலம் துண்டுகளாக ஏலத்துக்கு வந்தபோது, அதிலிருந்த குடிகளே கூடி, நன்கொடை திரட்டி, 300,000 பவுனுக்கு அதனை வாங்கினர். 1993 பிப்ரவரியில் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. 1997 ஜூன் 12-ஆம் நாள், ஏறத்தாழ 60 பேரே வாழ்ந்த எய்க் என்னும் சிறு தீவும் அவ்வாறே மீட்கப்பட்டது. அதன் விலையாகிய 15 இலட்சம் பவுனுக்கு ஆயிரக்கணக்கானோர் சிறு தொகைகள் அனுப்பினர்; பெரும் பகுதியைத் தந்தவரோ தம் பெயரை வெளியிடவில்லை. தம் பெயரால் ஊரும் அமைக்காமல், நிபந்தனையும் விதிக்காமல், ஊரார் தாமே தீர்மானித்த ஒன்றுக்குக் கைகொடுத்து ஒதுங்கிய அக்கொடையை, லீவர்ஹூமின் கொடையோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

1999-இல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டசபை அமைந்தது. 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் குடிகளின் ஊர்களுக்கு ஒரு புதிய உரிமையை அளித்தது. ஊரார் ஒரு சங்கமாகக் கூடி, வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் உடன்பட்டு, பொதுநலத்துக்கு ஏற்றது என்று மந்திரிகளும் ஒப்பினால், உடைமையாளர் விற்க மனமில்லாதவராயினும், நடுநிலையாளர் மதிப்பிட்ட விலைக்கு அந்நிலத்தை வாங்கலாம். இதற்குப் பொதுநிதியும் உதவியது.

இங்ஙனம் லூயிசின் வடபகுதியில் 22 ஊர்களையும் 56,000 ஏக்கரையும் கொண்ட கால்சன் எஸ்டேட்டு 2007-இல் ஊராரின் அறக்கட்டளைக்கு வந்தது. தென்கிழக்கிலுள்ள பார்க்கு எஸ்டேட்டில் உடைமையாளர் நீதிமன்றம் வரை சென்று எதிர்த்தார். சட்டம் மனித உரிமைக்கு முரணன்று என்று 2012-இல் தீர்ப்பாயிற்று; பத்தாண்டுக்கு மேற்பட்ட வழக்குக்கும் பேச்சுக்கும் பின்னர், 2015-இல் அதுவும் ஊருடைமையாயிற்று. இவை 1923-இல் லீவர்ஹூம் தர முன்வந்த அதே மண்.

இரு காலங்களுக்கும் வேறுபாடு யாது? 1923-இல் அளிக்கப்பட்டது தனித்தனிக் குடிக்குத் தனித்தனித் துண்டு, பொறுப்பைச் சுமக்க ஒரு சங்கம் இல்லை, முதற்பணம் இல்லை, பழைய சட்டக் காவலையும் இழக்கவேண்டிய அச்சம் இருந்தது. பிந்திய ஏற்பாட்டிலோ குடியின் பழைய உரிமை அவ்வாறே நிற்க, மேல்வாரம் மட்டும் ஊர்ச் சங்கத்துக்கு மாறுகிறது. எல்லாவற்றினும் மேலாக, 1923-இல் காலத்தையும் முறையையும் தீர்மானித்தவர் கொடுப்பவர். 2007-இல் தீர்மானித்தவர் பெறுபவர்.

தர்மகர்த்தாக்கள்

இவ்வூர்ச் சங்கங்கள் பெரும்பாலும் அறக்கட்டளை முறையில் அமைந்தவை. உறுப்பினர் நிலத்தை விற்றுத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள இயலாது. வரும் வருவாய் ஊர்நலத்துக்கே செல்லவேண்டும். நம் நாட்டில் ‘தர்மகர்த்தா’ என்னும் சொல் இக்கருத்தை நன்கு விளக்கும். தர்மகர்த்தா அறத்தின் சொத்தை ஆள்பவன். அதற்கு உடையவன் அல்லன். தனக்குப்பின் வருவோர்க்காகக் காத்து, கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவன். கால்சன் ஊரார் தம் நிலத்தில் காற்றாடி மின்னாலைகளை நிறுவி, அவற்றின் வருவாயை ஊர்ப் பணிகளுக்குச் செலவிடுகின்றனர். எய்க் தீவார் நீர், காற்று, கதிரவன் ஆகிய மூன்றினின்றும் மின்சாரம் பெற்று, ஒரு வீடு ஒரு நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கலாகாது என்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டனர். பிறர் விதித்திருப்பின் இவ்வரம்பு கொடுமையாகத் தோன்றியிருக்கும்.

2002-இல் ஊருடைமையான கீகா என்னும் தீவில், மக்கள் நிறுவிய முதல் மூன்று காற்றாடிகளுக்குக் கேலிக் மொழியில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு எனப் பெயரிட்டனர். பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தை அறிந்த நமக்கு அப்பெயர்களின் மூலத்தைக் கூறவேண்டுவதில்லை. ஆயின் அத்தீவாரும் பழைய வீடுகளைப் புதுப்பிக்கப் பெருங்கடன் பட்டு, பல ஆண்டுகள் அதன் சுமையால் இடருற்றனர். ஸ்டார்னோவே அறக்கட்டளை பெரிய நிறுவனத்துடன் செய்துகொண்ட காற்றாலை ஏற்பாட்டை எதிர்த்து, அதன் கீழுள்ள நான்கு ஊர்களின் குடிகளே நில நீதிமன்றத்தில் வழக்காடியதும் உண்டு. ஊருடைமை வந்தவிடத்துப் பூசல் ஒழியும் என்பார் உலகியல் அறியாதார். முன்பு தொலைவிலுள்ள பிரபுவைக் குறைகூறினோர், இன்று அடுத்த வீட்டாரையே குறைகூற நேர்கிறது. எனினும் அடுத்த தேர்தலில் அவரை மாற்றலாம் என்னும் உரிமை பிரபுவின் காலத்தில் இருந்ததில்லை. மேலும், ஸ்காட்லாந்தின் நிலப்பரப்பில் நூற்றுக்கு மூன்றினும் குறைவான பங்கே இன்று ஊருடைமை. எஞ்சியதிற் பெரும்பகுதி இன்னும் மிகச் சிலர் கையிலேயே உள்ளது.

மற்றொரு கொடை

லீவர்ஹூம் 1925-இல் காலமானார். அவருடைய மரண சாசனத்தின்படி, கம்பெனிப் பங்குகளின் ஒரு பகுதியைக் கொண்டு, கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் உதவும் அறக்கட்டளை ஒன்று ஏற்பட்டது. இன்றும் அக்கட்டளை ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 கோடிப் பவுன் அளவில் அறிஞர்க்கு வழங்கிவருகிறது. ஆராய்ச்சிப் பொருளை அறிஞரே தெரிந்தெடுத்து விண்ணப்பிக்க, துறையறிந்தோர் அதனை மதிப்பிட, அதன் பின்னரே பொருள் வழங்கப்படுகிறது. லூயிசில், தாம் வகுத்த நன்மையை ஏற்குமாறு மக்களை வேண்டித் தோற்ற ஒருவரின் செல்வம், இங்கே பிறர் எழுப்பும் வினாவுக்குத் துணைநிற்கிறது. அவருடைய கொடைகளுள் நெடுநாள் நிலைத்தவற்றுள் இரண்டு, ஸ்டார்னோவேக் கட்டளையும் இக்கல்விக் கட்டளையும் ஆகும். பெறுவோர் தாமே ஆளவும், தாமே தெரிந்தெடுக்கவும் இடங்கொடுத்தமை இவ்விரண்டற்கும் பொதுவாதல் காண்க.

மாணவத் தோழர்களே, நம்முள்ளும் உபகாரச் சம்பளம் பெற்றுப் பயில்வோர் உளர். யாவர்க்கோ கடமைப்பட்ட கட்டடங்களில்தான் நாம் அனைவரும் கல்வி கற்கின்றோம். நாளை நம்முள் சிலர் கொடுக்கும் நிலைக்கும் வரக்கூடும். கொடுக்குங்கால், பெறுவோரை முதலிற் கேட்டறிவோமாக; அவர் ‘வேண்டா’ எனின், சினவாது அதன் காரணத்தை ஆராய்வோமாக. பெறுங்கால், பெற்றதை ஆளும் பொறுப்பையும் உடன் ஏற்போமாக. அப்பொறுப்பை ஏற்பதற்கு வேண்டிய சங்கமும் சட்டமும் துணிவும் லூயிஸ் மக்களுக்கு வந்தமைய 84 ஆண்டுகள் சென்றன.